கொரில்லாவின் கட்டி: ஊசியா, கத்தியா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு நாய்க்கு மார்பில் கட்டி என்றால் இன்று ஊசி குத்திப் பார்த்து, அடுத்த வாரம் அறுக்கலாம். காட்டுக் கொரில்லாவிடம் அந்த ‘அடுத்த வாரம்’ செல்லாது. கிடைப்பது பெரும்பாலும் ஒரே மயக்கம். மெடெட்டோமிடின், கெட்டமின் என்ற இரு மயக்க மருந்துகளும் சேர்ந்தால் ஏறக்குறைய முக்கால் மணி நேரம்.

அதில் முதல் வேலை ஊசி. 22 கேஜ் ஊசி, 10 மில்லி சிரிஞ்ச். உறிஞ்சியதை ஸ்லைடில் பரப்பி, காற்றில் உலர்த்தி, விரைவுச் சாயத்தில் முக்கினால் 10 நிமிடத்தில் அங்கேயே தெரிந்துவிடும், சீழா புற்றுச் செல்லா என்று. கட்டியெல்லாம் புற்றல்ல. கழுத்து வீக்கம் காற்றுப்பையில் சீழ் பிடித்ததாக இருக்கலாம்; முகத்துப் புண் யாஸ் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். பெண் சிம்பன்சியின் சினைப்பருவத்தில் பிட்டத்தில் வரும் வீக்கத்தையே கட்டி என்று குறித்துவைக்கும் புதியவர்களும் உண்டு! ஊசியின் குறை, நார் மிகுந்த கட்டியில் வெறும் ரத்தம்தான் வரும்.

வட்டக் கத்தியால் துளைத்து ஒரு துண்டு எடுக்கும் பஞ்ச் பயாப்சி திசுவின் அமைப்பையே காட்டும். ஆனால் பெருங்குரங்குகள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. ருவாண்டாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஒண்டர்ஸ்டிபூர்ட் கால்நடை ஆய்வகத்துக்கு ஒரு துண்டு வரவேண்டுமானாலும் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதி இரண்டும் வேண்டும். விடை வரும்போது விலங்கு எந்தச் சரிவில் நிற்குமோ.

ஆகவே தோலுக்கடியில் கட்டி நழுவி ஓடினால் பஞ்ச் பயாப்சியை விட்டுவிட்டு, சுற்றி 1 செ.மீ. நல்ல திசுவோடு முழுதாக எடுப்பதே மேல். தசையோடு ஒட்டியிருந்தாலோ, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருந்தாலோ கத்தியைத் தொடவேண்டாம். தையல் கரையும் நூலில், தோலுக்குள் புதைந்து போகவேண்டும். வெளியே முடிச்சு தெரிந்தால் விரலால் பிரித்துவிடும். கட்டுப் போடுவதும் வீண்.

எடுத்த திசுவை 1 செ.மீ. கனத்துக்கு மேற்படாமல் நறுக்கி, பத்து மடங்கு ஃபார்மலினில் போடுங்கள். அந்தப் புட்டியோடு ஸ்லைடுகளை ஒரே பையில் வைத்தால் ஆவி பட்டு, சாயம் நீலப்பச்சையாக மங்கி, செல் எதுவும் தெரியாது. அதிகம் நடக்கும் தவறு இது.

கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை காட்டில் நடக்காது: மருந்து கொடுத்த 7 முதல் 10 நாளில் வெள்ளணுக்கள் சரியும், அப்போது ரத்தம் எடுக்க மறுபடி மயக்க ஊசி. தென்னாப்பிரிக்க நகரமான ம்பொம்பேலா அருகிலுள்ள சிம்பன்சி காப்பகம் போன்ற இடத்தில், கம்பிக்கு வெளியே கை நீட்டப் பழகிய விலங்கென்றால் யோசிக்கலாம்.