ரஸ்ட் கம்பைலரோடு ஒரு மாதம்

ஆறு வருடமாக எனக்குச் சோறு போடுவது பைத்தான் என்ற நிரல்மொழி. அடுத்து எந்த மொழியைப் படிக்கலாம் என்று யோசித்ததில் கோ, ரஸ்ட் இரண்டும் மிஞ்சின. நிரல் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் ஃபைல்களில் எந்தப் பிழை எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணும் என் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை இரண்டிலும் எழுதிப் பார்த்தேன்.

கோ இரண்டே நாளில் கைக்கு வந்துவிட்டது. மொழிக்கென்று ஒதுக்கிய சொற்கள், அதாவது கீவேர்டுகள், மொத்தமே 25தான். வெளியிலிருந்து இம்போர்ட் செய்த கோடைப் பயன்படுத்தாமல் விட்டால் கம்பைல் ஆகாது (எழுதியதை ஓடக்கூடிய நிரலாக கம்பைலர் மாற்றித் தராது), எரிச்சல்தான், பழகிவிடும். ஒவ்வொரு அழைப்புக்குக் கீழேயும் பிழை வந்ததா என்று மூன்று வரி எழுதுவதுதான் கடைசிவரை பழகவில்லை. (“கோவில் எழுதினேன்” என்றால் கோயிலில் உட்கார்ந்து எழுதியதாக நினைக்கிறார்கள், அது வேறு.)

ரஸ்ட்டில் முதல் நாளே பிழை எண் இ0382. ஒரு வெக்டரை (பைத்தான் லிஸ்ட் மாதிரி) ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் அதன் நீளத்தைக் கேட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான், இனி அது உன்னுடையது இல்லை என்கிறது கம்பைலர். எந்த வரியில் கைமாறியது, எந்த வரியில் மறுபடி தொட்டேன் என்று அடிக்கோடு போட்டுக் காட்டி, வேண்டுமானால் குளோன் செய்து ஒரு நகல் எடுத்துக்கொள் என்று யோசனையும் சொன்னது. முதல் வாரம் கண்ட இடத்திலெல்லாம் குளோன். பாதி இடங்களில் ஒரு & குறி போதும், இரவல் கொடுத்தால் வேலை முடிந்ததும் திரும்பிவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பைத்தானில் முன்பு ஒருமுறை, ஒரு ஃபங்ஷன் நான் கொடுத்த லிஸ்ட்டையே வரிசைப்படுத்திவிட்டது. பழைய வரிசையை நம்பியிருந்த வேறொரு ஃபங்ஷன் தப்பான விடை தந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள். தப்பு என்னுடையதுதான். ரஸ்ட்டில் இரவல் வாங்கியதை மாற்றப்போகிறாய் என்றால் முன்கூட்டியே மியூட் என்று எழுதித் தர வேண்டும். ஒருவர் படித்துக்கொண்டிருக்கையில் இன்னொருவர் மாற்றவும் விடாது.

குறை இல்லாமல் இல்லை. வெளி லைப்ரரிகள் நாலைந்து சேர்ந்தால் முதல் பில்டு முடிவதற்குள் கொட்டாவி வருகிறது. எழுத்துத் தொடருக்கு ஸ்ட்ரிங், எஸ்டிஆர் என்று இரண்டு வகை வேறு. எங்கே எது என்று இன்னும் தடுமாறுகிறேன்.

அடுத்த வாரமே ஒரு சர்வர் எழுதித் தர வேண்டுமென்றால் கோவைத்தான் எடுப்பேன். அவசரம் இல்லாததால் ரஸ்ட்டைத் தொடர்கிறேன். நேற்று அலுவலகத்து பைத்தான் கோடில், கொடுத்த லிஸ்ட்டையே வரிசைப்படுத்திவிடும் சார்ட் (sort) ஒன்று கண்ணில் பட்டது. அதை, வரிசைப்படுத்திய புது லிஸ்ட்டைத் தரும் சார்ட்டட் (sorted) என்று மாற்றி, வந்த புது லிஸ்ட்டுக்குத் தனிப் பெயர் வைத்தேன்.