சைக்கிளுக்கு மழை ஜாக்கெட்: இரண்டரை அடுக்கா, மூன்றடுக்கா, வெற்றுச் சவ்வா?

போன மாதம் என் பழைய மழை ஜாக்கெட்டை எடுத்து விரித்தேன். உட்பக்கம் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. தோளுக்குப் பின்னால் எப்போதும் மடிப்பு விழும் இடத்தில் உள்பூச்சு சுருள் சுருளாக உரிந்து வந்தது. வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. அதைப் போட்டுக்கொண்டு மழையில் ஓட்டிய நாட்களை எண்ணினால் முப்பதுகூடத் தேறாது. மீதி நாளெல்லாம் அது ஜெர்சியின் பின் பாக்கெட்டிலோ சீட்டுக்கு அடியில் உள்ள பையிலோ மடங்கிக் கிடந்தது. அதைக் கெடுத்தது மழையில்லை, ஈரத்தோடு மடங்கிக் கிடந்த அந்த நாட்கள்தான் என்பது உரிந்த பிறகுதான் உறைத்தது.

அதனால் அடுத்ததை வாங்கும்போது எடையை மட்டும் பார்க்கவில்லை. சந்தையில் உள்ள மூன்று வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தேன். கடைசியில் வாங்கியது மூன்றடுக்கு. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். குனிந்து ஓட்டுகிறோம், எனவே பின்பக்கம் இறங்கியும் கைகள் நீண்டும் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கண்ணாடியில் பார்த்தால் முன்பக்கம் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தால்தான் அது சைக்கிளுக்கான வெட்டு. தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடக்கும். ஹெல்மெட் போடுகிறவருக்கு ஹூட் தேவையில்லை, வெறும் சுமை. தையல்கள் எல்லாவற்றிலும் உட்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும், தோளில் மட்டும் ஒட்டியிருந்தால் போதாது. இரு பக்கமும் திறக்கும் ஜிப் இருந்தால் ஜாக்கெட்டைக் கழற்றாமலே கீழிருந்து திறந்து ஜெர்சி பாக்கெட்டுக்குள் கைவிடலாம். நிறம் பளிச்சென்று இருக்கட்டும். மழையில் வண்டி ஓட்டுகிறவருக்கு நாம் கண்ணில் படுவதே கஷ்டம்.

இனி வகைகளுக்கு வருவோம். மூன்றிலும் வேலை செய்வது ஒரு மெல்லிய படலம்: மழைநீரை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும். அதைத்தான் சவ்வு என்கிறேன்.

இரண்டரை அடுக்கு என்பது மெல்லிய நைலான் துணி, அதன் உட்பக்கம் பாலியூரிதேன் பூச்சோ சவ்வோ, அதற்கு மேல் தோலில் ஒட்டாமலிருக்கப் புள்ளி புள்ளியாக அச்சிட்ட ஒரு பாதுகாப்பு. அந்தப் புள்ளிகளைத்தான் ‘அரை அடுக்கு’ என்கிறார்கள். மூன்றடுக்கில் நடுவில் சவ்வு, வெளியே துணி, உள்ளே வலை போன்ற மெல்லிய பின்னல் துணி. மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். மூன்றாவது, வெற்றுச் சவ்வு. வெளித்துணியே கிடையாது, சவ்வுதான் மழையை நேராக எதிர்கொள்ளும். கோர் நிறுவனத்தின் ‘ஷேக்டிரை’ இதில் பேர் போனது.

கடையில் முதலில் கண்ணில் படுவது எண்கள். 10,000 மில்லிமீட்டர் என்றால், துணியின் மேல் பத்து மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தினால் வரும் அழுத்தம் வரை உள்ளே கசியாது என்று பொருள். சைக்கிளில் போகிறவருக்கு அது தாராளம். 20,000-க்காக அதிகக் காசு கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. முதுகில் கனமான பை மாட்டுகிறவர் வேண்டுமானால் யோசிக்கலாம்.

இன்னொரு எண் ஆவி வெளியேறும் அளவு. ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி போகிறது என்பது அது. 20,000 என்று போட்டிருந்தால் மணிக்கு 833 கிராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட சோதனை முறைகள் உண்டு. ஒரே துணிக்கு ஒரு முறையில் வரும் எண் இன்னொன்றில் வராது. எந்த முறை என்று அட்டையில் எழுதாத வரை இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுவது வீண் வேலை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாம் மிதிக்கும் உழைப்பில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பம். 200 வாட்டில் ஏற்றம் ஏறினால் உடம்பு 600 முதல் 800 வாட் வரை வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். வியர்வை கொட்டும். ஆவி வெளியே போக வேண்டுமென்றால் உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். மழை பெய்யும்போது வெளியே காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கிறது. குளிரில் மழை என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் இருக்கும், ஓரளவு வேலை நடக்கும். வெதுவெதுப்பான மழையில் எந்தச் சவ்வும் பெரிதாக எதையும் செய்துவிடாது. அங்கே கழுத்து ஜிப்பை இறக்கிவிடுவதுதான் உண்மையான காற்றோட்டம்.

சரி, அப்படியானால் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? புதிதாக வாங்கிய அன்று பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் என் பதில். முதல் ஐந்து மழையில் என் பழைய இரண்டரை அடுக்கு அருமையாக இருந்தது. நீர்த்துளிகள் மேலே முத்து முத்தாக உருண்டு ஓடின. சண்டை ஆறாவது மாதத்துக்குப் பிறகு ஆரம்பித்தது. நான் தீர்மானித்ததும் அந்த ஆறாவது மாதத்தை மனதில் வைத்துத்தான்.

அந்த முத்துகளை உருட்டுவது சவ்வு அல்ல, வெளித்துணியின் மேலுள்ள நீர்விலக்குப் பூச்சு. அது அழுக்கிலும் வியர்வை உப்பிலும் வெயிலுக்குத் தடவும் கிரீமிலும் உரசலிலும் மங்கும். மங்கியதும் துளிகள் உருளாமல் தட்டையாகப் பரவும், அப்புறம் துணி நீரைக் குடிக்க ஆரம்பிக்கும். அடியில் சவ்வு இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது, ஒரு சொட்டு மழையும் உள்ளே வரவில்லை. ஆனால் மேலே ஈரப் படலம் ஒன்று போர்த்தியது போல் உட்கார்ந்துவிட்டதால் ஆவி வெளியேற வழியில்லை. உள்ளே குளிர்ந்து தண்ணீராகிறது. ஓட்டுகிறவர் ‘ஜாக்கெட் ஒழுகுகிறது’ என்று திட்டிக்கொண்டே வீடு திரும்புகிறார். நானும் ஒரு வருடம் அப்படித்தான் திட்டினேன். நனைந்தது முழுக்க என் வியர்வையில்.

இதற்கு வைத்தியம் எளிது, ஆனால் துவைத்தால் கெட்டுப்போகும் என்ற பயத்தில் பலர் செய்வதில்லை. உண்மை நேர்மாறு, துவைக்காமல் விடுவதுதான் கெடுக்கும். ஜிப்பை மூடி, இதற்கென்று விற்கும் திரவச் சோப்பில், மிதமான சூட்டில் துவைத்து, இரண்டு முறை அலச வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது, அது நீரைப் பிடித்து வைக்கும் ஒரு படலத்தை விட்டுச் செல்லும். சாதாரண சோப்புத்தூளின் மிச்சமும் அதே கெடுதலைச் செய்யும். காய்ந்த பிறகு, லேபிள் அனுமதித்தால், உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் சுற்றலாம், அல்லது மேலே ஒரு துணியை விரித்து இளஞ்சூட்டில் இஸ்திரி போடலாம். சூடு பட்டால் படுத்துக் கிடந்த பூச்சு மறுபடி நிமிரும். பாதிக்கு மேல் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால்தான் புதிதாகப் பூச்சு ஏற்ற வேண்டும். வெளியே தெளிக்கும் வகையே நல்லது. துவைக்கும் நீரில் கலக்கும் வகை உட்பக்கத்திலும் படிந்து, வியர்வையை இழுக்க வேண்டிய உள்துணியையும் வேலை செய்ய விடாது.

இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நெடுங்காலம் இந்தப் பூச்சுகள் ஃபுளோரின் சேர்மங்களால் ஆனவை. அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாதவை என்பதால் இப்போது கைவிடப்படுகின்றன. புதிய பூச்சுகள் நீரை நன்றாகவே விலக்குகின்றன, எண்ணெய்ப் பிசுக்கை அவ்வளவாக விலக்குவதில்லை. தோல் எண்ணெயும் சாலைக் கரியும் சீக்கிரம் பிடிக்கும். இனி வாங்குகிறவர்கள் பழைய ஜாக்கெட்டைவிட அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

அடிக்கடி துவைப்பதையும் சூடு காட்டுவதையும் எது தாங்கும்? இங்கேதான் இரண்டரை அடுக்கு எனக்குத் தோற்றது. பாலியூரிதேன் பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மெல்லச் சிதையும், பிசுபிசுப்பு வரும், உரியும். வியர்வையில் நனைந்த ஜாக்கெட்டைச் சுருட்டிப் பையில் திணித்து, வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டு, அடுத்த வாரம் எடுத்தால் அந்தப் பூச்சுக்கு அதைவிடக் கெட்ட சூழல் கிடையாது. சிறிதாக மடித்துக் கையோடு வைத்திருக்கத்தான் இந்த வகையை வாங்குகிறோம், அந்த மடிப்பே அதற்கு எமன். புள்ளிப் பாதுகாப்பு முதலில் தேய்வதும் கழுத்திலும் முழங்கையிலும்தான், தோல் நேராக உரசும் இடங்களில்.

மூன்றடுக்கிலும் பசை விட்டுப் போகாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். சில ஜாக்கெட்டுகளில் நடுவில் இருப்பதும் பாலியூரிதேன் சவ்வுதான். ஆனால் உள்ளே பின்னல் துணி இருப்பதால் தோல் எண்ணெயும் உரசலும் சவ்வை நேராகத் தொடுவதில்லை. வெற்றுக் கையோடு போட்டால் பாலிதீன் பை போல் ஒட்டுவதுமில்லை. குட்டைக் கை ஜெர்சியின் மேல் இரண்டரை அடுக்கைப் போட்டவருக்கு அந்த ஒட்டல் நன்றாகத் தெரியும். எடைக் கணக்கில் மூன்றடுக்கு தோற்கிறது. என் பழையது 160 கிராம், புதியது 215. மடித்தால் பழையது ஆரஞ்சுப் பழ அளவு, புதியது பின் பாக்கெட் ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்கிறது. 55 கிராம் என்பது தண்ணீர் பாட்டிலில் இரண்டு வாய்த் தண்ணீர். அதற்காக நான் மூன்று வருடத்துக்கு ஒரு ஜாக்கெட் வாங்கத் தயாரில்லை.

வெற்றுச் சவ்வைப் பற்றி என் அனுபவம் குறைவு. நண்பர் ஒருவர் கொடுத்ததை இரண்டு நாள் போட்டு ஓட்டியிருக்கிறேன், அதில் ஒரு நாள்தான் நல்ல மழை. அந்த ஒரு நாளே மனதைக் கலைத்துவிட்டது. நீரைக் குடிக்க வெளித்துணியே இல்லாததால் மங்குவதற்குப் பூச்சும் இல்லை. நின்று ஒரு முறை உதறினால் காய்ந்துவிடுகிறது, ஈரத்தோடு மடிக்க வேண்டிய பேச்சே எழவில்லை. எடை நூறு கிராமை ஒட்டியே இருக்கிறது. நான் இதுவரை புலம்பிய பராமரிப்புத் தொல்லை முழுவதற்கும் ஒரே பதில் அதுதான்.

அப்படியிருந்தும் வாங்கவில்லை. வெளித்துணி இல்லாததால் அது மெல்லிது, முதுகுப் பையின் பட்டை உரசினாலே தேய்ந்துவிடும். சாலையில் விழுந்து சறுக்கினால் ஜாக்கெட்டை மறந்துவிடலாம். பெரும்பாலும் கறுப்பு நிறத்தில்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சவ்வே ஃபுளோரின் சேர்மத்தால் ஆனது என்பதால் ஷேக்டிரை தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இப்போது கிடைப்பது பழைய இருப்பும் இரண்டாம் கையும்தான். இரண்டாம் கையில் வாங்குவதென்றால் வெளிச்சத்தின் முன் விரித்துப் பிடித்து ஊசித் துளை தெரிகிறதா என்று பாருங்கள், தோளிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் தேய்ந்த பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நல்லதாகக் கிடைத்து, முதுகில் பை மாட்டாதவராக இருந்தால், என் மூன்றடுக்குப் பிரசங்கத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வாங்கிவிடலாம்.

நீர்ப்புகாத ஜாக்கெட்டே தேவையில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. இத்தாலியில் 2013 மிலான்–சான் ரெமோ சைக்கிள் பந்தயத்தில் பனி கொட்டியது, வீரர்களைப் பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று தங்கள் அணியின் உடைக்கு வேறு நிறுவனம் ஸ்பான்சராக இருந்தும், பலர் காஸ்டெல்லி நிறுவனத்தின் ‘காபா’ என்ற மேலுடையை வாங்கி அதன் சின்னத்தை மறைத்துப் போட்டுக்கொண்டார்கள். காபா முழுக்க நீர்ப்புகாதது அல்ல. உடம்போடு ஒட்டிக் காற்றைத் தடுக்கும், நனைந்தாலும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். முதல் நிமிடத்திலிருந்தே மழை என்று தெரிந்தால் அந்த மாதிரி உடைதான் சிறந்தது. ஆனால் அதை மடித்துப் பாக்கெட்டில் வைக்க முடியாது. வருமோ வராதோ என்ற மேகத்துக்கு அது பதிலல்ல.

அரை மணி நேரத் தூறலுக்கு மட்டும் என்றால் நீர்விலக்குப் பூச்சுள்ள காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டே போதும், எடையும் பாதிதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாலையில் நம்மை நனைப்பதில் பாதி மழை கீழேயிருந்து வருகிறது. பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லாமல் எவ்வளவு நல்ல ஜாக்கெட் போட்டாலும் முதுகில் சேற்றுக் கோடு விழும், அந்தச் சேறுதான் பூச்சை முதலில் தின்னும்.

புதிய ஜாக்கெட்டோடு ஒரு விதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போவதற்கு முன் அதை ஹேங்கரில் மாட்டிவிடுவது, நனையாவிட்டாலும்கூட. வெயிலில் அல்ல, நிழலில், உட்பக்கம் வெளியே தெரிய. காய்ந்த பிறகும் அடுத்த முறை கிளம்பும் வரை மடிப்பதில்லை. நேற்று குழாயடியில் பிடித்துப் பார்த்தேன். மார்பிலும் தோளிலும் துளிகள் உருண்டன, இரண்டு முழங்கையிலும் மட்டும் தட்டையாகப் பரவின. இந்த ஞாயிற்றுக்கிழமை துவைக்க வேண்டும்.