மைக்ரோசாஃப்ட் டு டூ: போனில் குறிக்க, கணினியில் அடுக்க

செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கவேண்டும், போனில் எழுதியது கணினியிலும் தெரியவேண்டும், காசு கேட்கக் கூடாது. இவ்வளவுதான் தேவை என்றால் மைக்ரோசாஃப்ட் டு டூ தாராளமாகப் போதும். பெர்லின் நிறுவனம் ஒன்று உருவாக்கிய வுண்டர்லிஸ்ட் என்ற இதே வகைச் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கியது. 2017-ல் டு டூவைக் கொண்டுவந்து, 2020 மே மாதம் வுண்டர்லிஸ்டை மூடிவிட்டது. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக் ஆகிய நான்குக்கும் தனிச் செயலி இருக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பிரவுசரிலேயே திறந்துகொள்ளலாம்.

முதலில் பார்க்கவேண்டியது கணக்கு. போனில் போட்டது கணினியில் வரவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்: போனில் சொந்தக் கணக்கு, கணினியில் அலுவலகக் கணக்கு. இரண்டின் பட்டியல்களும் ஒன்றாகக் கலக்காது. பட்டியல் பகுதியின் மேலே இருக்கும் பெயரைத் தொட்டு, இரு பக்கமும் ஒரே மின்னஞ்சல் முகவரிதானா என்று பாருங்கள். ஜிமெயில் முகவரியை வைத்தே மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கலாம். நெட் இல்லாத இடத்தில் எழுதியது போனிலேயே இருக்கும். நெட் வந்ததும் மேலே ஏறும்.

அடுத்தது, புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஒரு வேலைக்குக் கெடு தேதி வேறு, ரிமைண்டர் வேறு. கெடு தேதிக்கு நேரம் கிடையாது, நாள் மட்டும்தான். அதை வைத்துவிட்டு, அன்றைக்குக் காலையில் போன் மணியடிக்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். மணியடிக்க வேண்டுமானால் ரிமைண்டரைத் தனியாக வைக்கவேண்டும். மின் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 'கரண்ட் பில்' என்று ஒரு வேலை, கெடு தேதியில் கடைசி நாள், ரிமைண்டர் அதற்கு மூன்று நாள் முன்பு காலை 9 மணி. ரிப்பீட் என்பதில் கஸ்டம் தொட்டு '2 மாதம்' என்று கொடுங்கள். கீழே இருக்கும் குறிப்பில் மின் இணைப்பு எண்ணை ஒட்டிவிட்டால், கட்டும்போது பழைய அட்டையைத் தேட வேண்டாம். கட்டி முடித்து டிக் செய்த பிறகுதான் அடுத்த முறைக்கான வேலை பட்டியலில் தோன்றும். டிக் செய்ய மறந்தால் பழையதே சிவப்புத் தேதியோடு நிற்கும், அடுத்தது வராது. திரும்பத் திரும்ப வரும் வேலைகளை 'காணோம்' என்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

மை டே இந்தச் செயலியின் உயிர். இன்றைக்கு இவ்வளவுதான் என்று ஐந்தாறு வேலைகளைப் பொறுக்கி வைக்கும் பக்கம் அது. நள்ளிரவில் தானாகக் காலியாகும். காலியாவது அந்தப் பக்கம் மட்டும்தான். வேலைகள் அவற்றின் பட்டியலில் அப்படியே இருக்கும். பல்பு படத்தைத் தொட்டால் முந்தைய நாள் முடியாமல் விட்டவை பரிந்துரையாக வரும், வேண்டியதை மீண்டும் சேர்க்கலாம். மை டே பக்கத்திலேயே நேரடியாக எழுதிய வேலை 'டாஸ்க்ஸ்' என்ற பொதுப் பட்டியலில் போய் உட்காரும். மறுநாள் மறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம், அங்கே தேடுங்கள். வாரம் ஒருமுறை கணினியில் திறந்து, அங்கே குவிந்ததை வீடு, அலுவலகம், கடை என்று உரிய பட்டியலுக்கு இழுத்து விடுவது நல்லது. சிறு திரையில் இந்த அடுக்கும் வேலை எரிச்சல்தான்.

விண்டோஸ் செயலியில் கன்ட்ரோல் + என் புது வேலை, கன்ட்ரோல் + டி டிக், கன்ட்ரோல் + ஆர் உடனடி ஒத்திசைவு. இங்கே 'டி' என்பது ஆங்கில எழுத்து வரிசையில் நான்காவதான D. கன்ட்ரோலோடு இருபதாவது எழுத்தான T-யை அழுத்தினால் வேலை மை டேக்குப் போகும்.

வேலையைத் தமிழில் தாராளமாக எழுதலாம். ஆங்கிலத்தில் 'டுமாரோ 5 பிஎம்' என்று அடித்தால் தேதியைத் தானே பிடித்துக்கொள்ளும். தமிழில் 'நாளை மாலை' என்று எழுதினால் தேதியைக் கையால்தான் வைக்கவேண்டும். இது உண்மையான குறை. தமிழில் எழுதுபவர்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மூன்று தட்டல் கூடுதல்.

ஆண்ட்ராய்டில் ரிமைண்டர் தாமதமாக வந்தாலோ வராமலே போனாலோ, செயலியைத் திட்டுவதற்கு முன் போனைப் பாருங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பல போன்கள் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. செட்டிங்ஸில் ஆப்ஸ், டு டூ, பேட்டரி என்று போய்க் கட்டுப்பாடில்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். செயலி தானாக இயங்க விடும் ஆட்டோஸ்டார்ட் இருந்தால் அதையும் இயக்குங்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்று தனி அனுமதி இருக்கிறது, 13-லிருந்து நோட்டிஃபிகேஷனுக்கும் அனுமதி வேண்டும். எல்லாம் செய்தபின் ஐந்து நிமிடம் கழித்து ஒரு ரிமைண்டர் வைத்து, திரையை அணைத்துச் சோதியுங்கள். மாத்திரை வேளை போன்றவற்றை இந்தச் சோதனை இல்லாமல் இதை நம்பி விடாதீர்கள்.

முக்கியம் என்று கொடி வைத்த மின்னஞ்சல்கள் வேலையாக வந்து சேரும் வசதி மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் அஞ்சல்பெட்டி உள்ளவர்களுக்கு மட்டும். ஜிமெயிலும் கூகுள் காலண்டருமே கதி என்று இருப்பவர்களுக்குக் கூகுள் டாஸ்க்ஸ்தான் வசதி. அது அஞ்சல் பக்கத்தின் வலது ஓரத்திலேயே திறக்கும்.

ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது என்று கோத்து வைக்கும் ஏற்பாடு இதில் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து செய்யும் பெரிய வேலைக்கு இதை இழுக்காதீர்கள். வீட்டு மளிகைப் பட்டியலுக்கு அருமை: பகிர் என்பதைத் தொட்டு இணைப்பை அனுப்பினால், கடையில் நிற்பவர் டிக் செய்யச் செய்ய வீட்டில் இருப்பவர் திரையிலும் அடிபடும். அப்படிப் பகிரும் முன் செட்டிங்ஸில் 'அழிப்பதற்கு முன் கேள்' என்பது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் கை தவறி அழித்தால் எல்லோருடைய பட்டியலிலிருந்தும் அது போய்விடும்.