7,499 ரூபாய் போனது: திண்மப் பொருள் கணக்குத் தொகுப்பு வாங்குவோர் கவனத்துக்கு

நேற்று இரவு கடைசி பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." காரணம் இல்லை, ஒரு மன்னிப்புக்கூட இல்லை. கட்டிய பணம் 7,499 ரூபாய். பதினோராம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்காக வாங்கியது. இயற்பியல், நுண்கணிதம் இரண்டிலும் கோளம், கூம்பு, உருளை, அரைக்கோளம் வரும் கணக்குகளை மட்டும் எடுத்து, படிப்படியாகத் தீர்த்துக் கொடுக்கும் ஒரு தொகுப்பு. விற்றது ஓர் இணையப் பயிற்சித் தளம். பெயர் போடவில்லை. இதே மாதிரி விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள். என்ன நடந்தது, எந்தக் கணக்கில் எந்த வரி தப்பு, வாங்குமுன் எப்படிச் சோதிப்பது, எல்லாவற்றையும் எழுதுகிறேன். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து படியுங்கள்.

முதலில், எதை நம்பிப் பணம் கட்டினோம் என்பது. இலவச மாதிரி வகுப்பு ஒன்று நாற்பது நிமிடம் நடந்தது. திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறனை (ஒரு பொருளின் சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் அளவு) அந்த ஆசிரியர் தருவித்தார். சூத்திரத்தை எழுதிப் போட்டுவிட்டு நகரவில்லை. கோளத்தை அச்சுக்குச் செங்குத்தாக மெல்லிய வட்டத் தட்டுகளாக வெட்டினார். மையத்திலிருந்து எக்ஸ் தூரத்தில் உள்ள தட்டின் ஆர வர்க்கம், கோளத்தின் ஆர வர்க்கத்திலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழித்தது. தட்டின் தடிமன் டிஎக்ஸ், அதாவது எக்ஸில் ஒரு மிகச் சிறிய துண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ½ × தட்டின் நிறை × தட்டின் ஆர வர்க்கம். இந்த இடத்தில் நிறுத்தி, "ஏன் இங்கே ½ வந்தது, ஏன் 1 வரவில்லை?" என்று கேட்டார். வளையம் வேறு, தட்டு வேறு என்பதை விளக்கினார். ஒரு துருவத்திலிருந்து மறு துருவம்வரை தொகையிட்டு 8/15 × பை × அடர்த்தி × ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு என்று கொண்டுவந்தார். அதைக் கோளத்தின் நிறையோடு ஒப்பிட்டு 2/5 × நிறை × ஆர வர்க்கம் என்று முடித்தார். குறை சொல்ல ஓரிடமும் இல்லை. அந்த ½ பற்றிய கேள்விதான் நம்ப வைத்தது. இப்படிக் கேட்பவர் எழுதிய தொகுப்பு தப்பாக இருக்காது என்று நினைத்து, அன்று மாலையே 7,499 ரூபாயை அனுப்பியாயிற்று.

தொகுப்பை அந்த ஆசிரியர் எழுதவில்லை. திறந்து பார்த்த முதல் நாளே தெரிந்துவிட்டது.

திண்மக் கூம்பின் நிறை மையம் அடியிலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று போட்டிருக்கிறார்கள். அது உள்ளீடற்ற, அடி மூடாத கூம்புக்கு உரிய விடை. திண்மக் கூம்புக்கு நான்கில் ஒரு பங்கு. உச்சியிலிருந்து ஒய் தூரத்தில் வெட்டினால் தட்டின் ஆரம் ஒய்க்கு நேர்விகிதம், பரப்பு ஒய் வர்க்கத்துக்கு நேர்விகிதம். எனவே ஒய் கனத்தின் தொகையை ஒய் வர்க்கத்தின் தொகையால் வகுக்க வேண்டும். உச்சியிலிருந்து 3/4 உயரம் வரும். இவர்கள் தட்டின் பரப்புக்குப் பதில் அதன் சுற்றளவை எழுதிவிட்டார்கள். அதனால் ஒரு அடுக்கு குறைந்து 2/3 ஆகிவிட்டது. ஜேஇஇ முதன்மைத் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பான விடைக்கு 1 கழிவு. உயரத்தில் கால் பங்கும் மூன்றில் ஒரு பங்கும் பக்கத்துப் பக்கத்துத் தெரிவுகளாகத்தான் இருக்கும். பிள்ளை தயங்காமல் தப்பான தெரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டு வரும்.

இதையாவது கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்ததை அப்படி விட முடியாது. உள்ளீடற்ற கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன். மேற்பரப்பை வளையப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள், அது சரி. பட்டையின் அகலத்தை டிஎக்ஸ் என்று எடுத்திருக்கிறார்கள். அதுதான் பிழை. அகலம் என்பது கோளத்தின் வளைவு வழியே அளக்கும் நீளம், அதாவது ஆரம் × டிதீட்டா (தீட்டா என்பது துருவத்திலிருந்து அளக்கும் கோணம்). டிஎக்ஸ் என்பது அந்த நீளத்தின் சைன் தீட்டா மடங்கு மட்டுமே. நடுக்கோட்டில் இரண்டும் ஒன்றாக இருக்கும். துருவத்திலிருந்து 30 பாகையில் டிஎக்ஸ் உண்மையான அகலத்தில் பாதிதான். துருவத்தை நெருங்க நெருங்க இன்னும் குறையும். கன அளவு காணும்போது டிஎக்ஸ் போதும், ஏனென்றால் தட்டின் ஓரச் சரிவால் வரும் பிழை தட்டு மெலிய மெலிய மறைந்துவிடும். மேற்பரப்பில் அந்தச் சரிவுதான் பட்டையின் அகலமே, அது மறையாது. திண்மப் பொருள் கணக்குகளில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. காசு கொடுத்து வாங்கும் தொகுப்பு காப்பாற்ற வேண்டிய இடமும் இதுதான்.

அவர்கள் எழுதிய வழியிலேயே நிறையைத் தொகையிட்டுப் பார்த்தேன். மேற்பரப்பு, பை வர்க்கம் × ஆர வர்க்கம் என்று வருகிறது, ஏறத்தாழ 9.87 மடங்கு. உண்மையில் 4 பை, அதாவது 12.57 மடங்கு வர வேண்டும். அவர்கள் வழியில் நிலைமத் திருப்புத்திறனை முடித்தால் 3/4 × நிறை × ஆர வர்க்கம்தான் கிடைக்கும். ஆனால் தொகுப்பில் கடைசி வரி 2/3 என்று இருக்கிறது! அதற்கு முந்தைய வரியிலிருந்து 2/3 வரவே வராது. விடைப் பட்டியலைப் பார்த்துக் கடைசி வரியை ஒட்டியிருக்கிறார்கள். விடை சரியாக இருப்பதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. தப்பான வழியைச் சரியான வழி என்று மனப்பாடம் செய்துவிடும். 7,499 ரூபாய் போனதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான்.

அடுத்து அரைக்கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் (எண்கள் எல்லாம் நிறை × ஆர வர்க்கத்தின் மடங்கு). தட்டையான முகத்தின் விட்டம் வழியே 2/5 என்பது சரி. துருவத்தைத் தொட்டு, முகத்துக்கு இணையாகச் செல்லும் அச்சுக்கு, அந்த 2/5-உடன் நேராக 1-ஐக் கூட்டி 7/5 என்று எழுதியிருக்கிறார்கள். ஓர் அச்சிலிருந்து அதற்கு இணையான இன்னோர் அச்சுக்கு மாற்றித் தரும் இணையச்சுத் தேற்றம் நிறை மையம் வழியாகச் செல்லும் அச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். அரைக்கோளத்தின் நிறை மையம் முகத்திலிருந்து 3/8 ஆரத்தில் இருக்கிறது. முதலில் 2/5-இலிருந்து 9/64-ஐக் கழித்து 83/320 என்று உள்ளே வர வேண்டும். பிறகு 5/8-இன் வர்க்கத்தைக் கூட்டி 13/20 என்று வெளியே போக வேண்டும். அவர்கள் எழுதிய 7/5 முழுக் கோளத்தின் தொடுகோட்டுக்கு உரிய எண். சரியான விடையைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

சாய்தளத்தில் உருளும் கணக்குகள் எல்லாவற்றிலும் ஒரே வார்ப்புரு. திண்மக் கோளம் என்றால் முடுக்கம் 5/7 × ஜி சைன் தீட்டா (ஜி புவியீர்ப்பு முடுக்கம், தீட்டா இங்கே சாய்வுக் கோணம்), உடனே விடை. ஒரு கணக்கில் சாய்வு 60 பாகை, உராய்வுக் குணகம் 0.3 என்று கொடுத்திருக்கிறது. எதற்குக் கொடுத்திருக்கிறது? நழுவாமல் உருள, குணகம் குறைந்தது 2/7 × டான் தீட்டா இருக்க வேண்டும். 60 பாகைக்கு அது 0.495. இருப்பதோ 0.3. கோளம் நழுவிக்கொண்டேதான் இறங்கும். அப்போது முடுக்கம் 9.8 × (0.866 − 0.15), அதாவது 7.02. தொகுப்பில் 6.06. கோண முடுக்கத்தையும் 6.06-ஐ ஆரத்தால் வகுத்து எழுதியிருக்கிறார்கள். நழுவும்போது அந்தத் தொடர்பே கிடையாது. உராய்வின் திருப்பு விசையிலிருந்துதான் கோண முடுக்கத்தைக் காண வேண்டும். ஆரம் 0.1 மீட்டருக்கு அது நொடி வர்க்கத்துக்கு 36.75 ரேடியன். அவர்கள் எழுதியது 60.6.

நுண்கணிதப் பகுதியும் இப்படித்தான். தலைகீழ்க் கூம்புத் தொட்டி, உயரம் 10 மீட்டர், வாய் ஆரம் 5 மீட்டர், நிமிடத்துக்கு 2 கன மீட்டர் நீர் விழுகிறது, ஆழம் 4 மீட்டராக இருக்கும்போது மட்டம் ஏறும் வேகம் என்ன? ஆரம் எப்போதும் ஆழத்தில் பாதி என்று எழுதிவிட்டு வகையிட வேண்டும். விடை நிமிடத்துக்கு 0.159 மீட்டர். அவர்கள் ஆரத்தை 5 என்றே நிறுத்தி வைத்து வகையிட்டு 0.076 என்கிறார்கள். எக்ஸ் வர்க்கத்துக்கும் எக்ஸின் வர்க்க மூலத்துக்கும் இடைப்பட்ட பரப்பைச் சுழற்றும் கணக்கில், வர்க்கங்களைக் கழிக்காமல் கழித்து வர்க்கப்படுத்தியிருக்கிறார்கள். 3/10 பை வர வேண்டிய இடத்தில் 9/70 பை. ஓட்டையுள்ள திண்மத்தை ஓட்டையில்லாத வேறொரு திண்மமாக்கிவிட்டார்கள்.

இப்போது அவர்கள் பதில்கள். "24 மணி நேரத்தில் சந்தேகம் தீர்க்கப்படும்" என்று விளம்பரத்தில் இருக்கிறது. கூம்புக் கணக்கை அனுப்பி நான்காம் நாள் வந்த பதில்: "இரண்டு விடையும் சரிதான் சார், அணுகுமுறை மட்டும் வேறு." ஒரு கூம்புக்கு இரண்டு நிறை மையமா? முழுத் தருவிப்பையும் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். "உங்களிடம் இருப்பது பழைய பாடப்புத்தகமாக இருக்கலாம்" என்று பதில். மேற்பரப்புக் கணக்கை அனுப்பியதற்கு, "விடை 2/3 சரியாகத்தானே சார் இருக்கு, இதுல என்ன பிரச்சினை?" என்று தொலைபேசியில் கேட்டார் ஒருவர். வழி தப்பு என்று பத்து நிமிடம் விளக்கினேன். "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பிட்டேன் சார்" என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் வேறொருவர் பேசினார், அவருக்கு எதுவும் தெரியவில்லை, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அடுத்த நாள் மூன்றாவது ஆள். மாதிரி வகுப்பு எடுத்த ஆசிரியரிடம் பேச வேண்டும் என்று கேட்டதற்கு, "அவர் அறிமுக வகுப்பு மட்டும்தான் எடுப்பார்" என்றார்கள். அதை விற்கும்போது சொல்லியிருக்க வேண்டாமா?

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் தொனியே மாறியது. ஏழு நாளைக்குள் கேட்டால் முழுத் தொகையும் உண்டு என்பது அவர்கள் வாக்குறுதி. அந்த ஏழு நாள், பணம் கட்டிய நிமிடத்திலிருந்து ஓடுகிறது. உள்நுழையும் கடவுச்சொல் வந்ததே மூன்றாம் நாள். முதல் சந்தேகத்தை அன்றே அனுப்பினேன், நான்கு நாள் கழித்துப் பதில் போட்டார்கள். அத்தோடு ஏழு நாளும் முடிந்துவிட்டது. "காலக்கெடு கடந்துவிட்டது சார்." மேலும், "பத்து விழுக்காட்டுக்கு மேல் பக்கங்களைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள், எனவே தகுதியில்லை." திறந்து பார்க்காமல் பிழை இருப்பது எப்படித் தெரியும்? பாதித் தொகையாவது கொடுங்கள் என்றதற்கு, அடுத்த தொகுப்பில் 500 ரூபாய் தள்ளுபடி தருகிறார்களாம். 7,499 ரூபாய் வாங்கிக்கொண்டு, இன்னொன்றையும் வாங்கு என்கிறார்கள்.

எப்படிச் சோதிப்பது என்று தலைப்புவாரியாக எழுத நினைத்திருந்தேன். மேலே உள்ளதை எழுதியதிலேயே கோபம் திரும்ப ஏறிவிட்டது, முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மாதிரி வகுப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தொகுப்பிலிருந்து நீங்கள் சொல்லும் பக்கத்தைக் கேளுங்கள். உள்ளீடற்ற கோளத்தைக் கேளுங்கள், பட்டையின் அகலம் என்ன போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள், போதும். எந்தத் தருவிப்பாக இருந்தாலும் அதே நுண்கூறைக் (தட்டு, பட்டை போன்ற சிறு துண்டை) கொண்டு முதலில் நிறையையோ பரப்பையோ தொகையிடுங்கள். தெரிந்த எண் வராவிட்டால் கீழே படிக்கவே வேண்டாம். உராய்வுக் குணகம் கொடுத்த உருளல் கணக்கில் நழுவுமா என்று சோதிக்கும் வரி இருக்கிறதா பாருங்கள்.

பணம் திரும்பப் பெறும் நாள் எதிலிருந்து தொடங்குகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் பேசாதீர்கள், எல்லாம் மின்னஞ்சலில். விளம்பரப் பக்கத்தைப் பணம் கட்டும் முன்பே படமெடுத்து வையுங்கள், பின்னால் மாற்றிவிடுகிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, உரையாடல் படங்களோடு இன்று காலை அங்கே புகார் பதிந்தாயிற்று. 7,499 ரூபாய் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன். அதே மாதிரி தொகுப்பை யாராவது வாங்கி, ஏழு நாள் இன்னும் முடியாமல் இருந்தால், உடனே கூம்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு இன்றைக்கே பணத்தைக் கேளுங்கள்.