ராஸ்பெரி பையின் வாட்ச்டாக்: எழுப்பிவிடும், காரணம் சொல்லாது

"பை போர்டில் வாட்ச்டாக் ஓட்டுகிறீர்களே, அதை நம்பி ஆளில்லாத இடத்தில் பெட்டியை மாட்டலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மாட்டலாம். ஆனால் ஒரு குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. பை என்பது சிறு கணினி போர்டு. வாட்ச்டாக் என்பது அதன் சிப்பில் உள்ள டைமர்: குறித்த நேரத்துக்குள் யாரும் அதைத் தட்டாவிட்டால் போர்டை ரீசெட் செய்துவிடும்.

என்னுடையது கிராமத்து மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் பெட்டி. பை 4, ஒரு 4ஜி மோடம், ஒரு சென்சார். மோடத்தை இயக்கும் டிரைவர் மென்பொருள் எப்போதாவது லினக்ஸின் மையமான கெர்னலையே உறைய வைத்துவிடும். அப்போதெல்லாம் யாராவது போய் பிளக்கைப் பிடுங்கிச் செருக வேண்டும். லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் ரன்டைம் வாட்ச்டாக் வரியில் 14 நொடி என்று போட்டபின் அந்த வேலை ஒழிந்தது. உறைந்தால் கால் நிமிடத்துக்குள் ரீசெட், அப்புறம் தானாக பூட் ஆகித் தரவு வரத் தொடங்கிவிடும். மாட்டுவதற்கு முன் மேசையிலேயே சோதித்துவிடுங்கள்: ப்ராக் கோப்புறையில் உள்ள சிஸ்ரெக் ட்ரிக்கர் கோப்பில் ஆங்கிலச் சிறிய சி எழுத்தை எழுதினால் கெர்னல் அங்கேயே விழும். போர்டு தானாக எழுந்தால் சரி.

ஏன் 14? இந்தச் சிப்பின் டைமர் 20 பிட், நொடிக்கு 65,536 துடிப்பு. எனவே 16 நொடியைத் தொடவே முடியாது. வாட்ச்டாக்கின் டிரைவர் 15 நொடியே உச்சம் என்று கணக்கு வைத்திருக்கிறது. பழைய கெர்னலில் ஒரு நிமிடம் என்று போட்டால் ஏற்காது. சிஸ்டம்டி நாம் கொடுத்த நேரத்தில் பாதிக்கு ஒருமுறை பிங் (உயிரோடு இருக்கிறேன் என்ற தட்டல்) அனுப்பும் என்பதால் 14 நொடியே தாராளம். இதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறு இடத்தில். ரீசெட் ஆகி எழுந்த பிறகு, ஏன் விழுந்தாய் என்று கேட்டால் இந்த டிரைவரிடம் பதில் கிடையாது. லினக்ஸ் வாட்ச்டாக் இடைமுகத்தில் பூட் நிலையைக் கேட்க ஒரு வசதி இருக்கிறது. கடைசி ரீசெட்டுக்கு வாட்ச்டாக் காரணமா என்று அதில் தெரிய வேண்டும். பையின் டிரைவர் அதை நிரப்புவதே இல்லை. எப்போது கேட்டாலும் பூஜ்யம். காய்ச்சலை இறக்கிவிட்டு என்ன நோய் என்று சொல்லாமல் போகும் வைத்தியரை எத்தனை நாள் பொறுப்பது? எங்கள் பக்கம் மின்சாரம் போய் வருவது வழக்கம். காலையில் பார்த்தால் பெட்டி இரவில் மறுபடி பூட் ஆகியிருக்கும். கரண்ட் போனதா, மோடம் உறைந்ததா? முதலாவது என்றால் பேட்டரி வாங்க வேண்டும், இரண்டாவது என்றால் மோடத்தை மாற்ற வேண்டும். இரண்டும் பணம்.

சுற்றுவழி இருக்கிறது. பையின் விசிஜென்கமாண்ட் என்ற கட்டளைக் கருவியில் சிப்பின் ரீசெட் நிலைப் பதிவேட்டைப் படிக்கலாம். மின்சாரம் வந்து எழுந்ததா, வாட்ச்டாக் எழுப்பியதா என்று அதில் வேறுபாடு தெரியும். ஆனால் இந்தச் சிப்பில் நாம் சாதாரணமாகக் கொடுக்கும் ரீபூட்டும் அதே வாட்ச்டாக் வழியாகத்தான் நடக்கிறது! அதனால் ஒழுங்காக நிறுத்தும்போது ஓர் அடையாளக் கோப்பு எழுதி, பூட் ஆனதும் அதைப் பார்த்து அழிக்கும் சிறு ஸ்கிரிப்ட்டும் வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

லாக்கைப் பார்க்கலாமே என்பீர்கள். சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னலை எஸ்டி கார்டில் சேமிக்கச் சொன்னாலும், அது இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கார்டுக்குப் போய்ச் சேரும். காரணம் இருப்பதோ கடைசி 5 நொடியில். கெர்னலின் கடைசிச் செய்திகளை நினைவகத்தில் ஒதுக்கி வைக்கும் ராம்ஊப்ஸ் ஓவர்லேயைப் (கூடுதல் அமைப்பு) போட்டு, சாஃப்ட் லாக்கப் (ப்ராசஸர் கோர் ஒன்று ஒரே வேலையில் சிக்கி நிற்பது) ஏற்பட்டால் பேனிக் ஆகும்படி (பிழையைச் சொல்லிவிட்டு விழும்படி) கெர்னலை அமைத்த பிறகுதான் ரீசெட்டைத் தாண்டி நினைவகத்தில் நின்ற கடைசி வரிகள் கைக்குக் கிடைத்தன. பழி மோடம் டிரைவர் மீது என்று அப்போதுதான் உறுதியானது. கெர்னல் முழுவதுமாக இறுகி பேனிக்கே வராமல் போனால் இதுவும் உதவாது.

நண்பருக்கு இன்னொன்றும் சொன்னேன். சிஸ்டம்டி பிங் அனுப்புகிறது என்றால் சிஸ்டம்டி உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே பொருள். உங்கள் நிரல் செத்துக் கிடந்தாலும் வாட்ச்டாக் வாயைத் திறக்காது. உங்கள் நிரலை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பிலும் தனியாக வாட்ச்டாக் நேரம் கொடுங்கள். அதற்கு உங்கள் நிரல் அனுப்பும் பிங்கைத் தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளை) வைக்காதீர்கள். முக்கிய வேலை நின்றாலும் அந்த த்ரெட் தட்டிக்கொண்டே இருக்கும். தரவு சர்வருக்குப் போன பிறகு பிங் செய்வதும் தப்பு, டவர் இல்லாத நேரமெல்லாம் நிரல் வீணாக மறுபடி தொடங்கும். சென்சாரைப் படித்து முடித்த இடத்தில் வையுங்கள்.

என் பெட்டி இன்று தொல்லை தராமல் ஓடுகிறது, அதற்கு முக்கியக் காரணம் இந்த வாட்ச்டாக்தான். ஆனாலும் அடுத்த பெட்டிக்குப் பை வாங்கப் போவதில்லை. ஐ.எம்.எக்ஸ் 6 சிப் உள்ள போர்டு விலை கூடத்தான். அதன் டிரைவர் 128 நொடி வரை தருகிறது, டைம்அவுட்டால் ரீசெட் ஆனதா என்று கேட்டால் நேராகச் சொல்கிறது. அந்த ஒரு பதிலுக்காகவே கூடுதல் காசு கொடுக்கிறேன்.