காக்கிச் சட்டைக்கு எந்தப் பக்கம்: தமிழ்நாடா, புதுச்சேரியா?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நடுவில் முள்ளோடையைத் தாண்டியதும் பெட்ரோல் விலை மாறுகிற மாதிரி, போலீஸ் வேலைக்கான விதிகளும் மாறிவிடும். கடலூர்ப் பசங்களும் பாகூர்ப் பசங்களும் சில்வர் பீச்சில் சேர்ந்தே ஓடலாம். ஆனால் ஒரே பயிற்சி இரண்டு பேருக்கும் ஒத்துவராது.

காரணம், தேர்வின் வரிசை. தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் முதலில் எழுத்துத் தேர்வு வைக்கும், பிசிக்கல் அப்புறம்தான். புதுச்சேரியில் தலைகீழ். கோரிமேடு மைதானத்தில் உயரம், மார்பளவு, ஓட்டம் எல்லாம் தேறியவர்களுக்குத்தான் வினாத்தாள்.

தமிழ்நாட்டு இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். முதலில் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ‘தமிழ்தானே’ என்று இலக்கணத்தைத் தொடாமல் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். முதன்மைத் தாள் 70, பிசிக்கல் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்குத் தலா 2 என 6, ஆக மொத்தம் 100. பொது அறிவோடு உளவியல் கேள்விகளும் வரும். அவற்றில் பாதி, கணக்குப் புதிர் போல இருக்கும். பழகினால் வேகமாகப் போடலாம்.

புதுச்சேரிக்கு பிளஸ் டூ வேண்டும். உயரம் ஆண்களுக்கு 165 செ.மீ. தமிழ்நாட்டில் 170, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டும் 167. இந்த 5 செ.மீ. பலருடைய தலையெழுத்தையே தீர்மானித்திருக்கிறது.

ஓட்டத்தைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஆண்களுக்கு 1,500 மீட்டர், 7 நிமிடம். 400 மீட்டர் டிராக்கில் ஒரு சுற்றுக்கு 112 விநாடி வருகிறது. மூச்சைப் பிடித்துச் சீராக ஓடினால் யாரும் தேறலாம். புதுச்சேரியில் 800 மீட்டர், 2 நிமிடம் 50 விநாடி. சுற்றுக்கு 85 விநாடி! தூரம் பாதி என்று ஏமாந்து, முதல் சுற்றைப் பறந்துவிட்டு இரண்டாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. இதற்கு மணலில் மெதுவாக ஓடிப் பயனில்லை. டிராக்கில் 400 மீட்டரை வேகமாக ஓடி, சற்று ஓய்வெடுத்து, மறுபடி ஓடிப் பழக வேண்டும். தமிழ்நாட்டுக்குத் தயாராகிறவர் அந்த நேரத்தைக் கயிறு ஏறுவதில் போடலாம். கயிறு, தாண்டுதல், குறுகிய ஓட்டம் மூன்றுக்கும் தலா 8 மதிப்பெண். கட் ஆஃப் நெருக்கத்தில் கயிறுதான் காப்பாற்றும்.

சம்பளத்தில் புதுச்சேரி கொஞ்சம் மேலே. அங்கே மத்திய அரசு விகிதம், அடிப்படை 21,700 ரூபாய். இங்கே 18,200-இல் தொடக்கம். ஆனால் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. தமிழ்நாட்டில் அறிவிப்பு அடிக்கடி வருகிறது: 2020-இல் 10,906 இடம், 2022-இல் 3,552, 2023-இல் 3,359. புதுச்சேரியில் 2018-இல் அறிவித்த காவலர் பணியிடங்களுக்கு, வயது வரம்பை 22-இலிருந்து 24 ஆக்கும் இழுபறியும் சேர்ந்துகொள்ள, உடல்தகுதித் தேர்வு 2022-இல்தான் நடந்தது. அதற்குள் எத்தனை பேர் கல்யாணம் ஆகி வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்!

வேலை கிடைத்த பிறகும் வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நேராக ஸ்டேஷனுக்கு அனுப்ப மாட்டார்கள். முதலில் ஆயுதப்படை அல்லது சிறப்புக் காவல்படை பட்டாலியன். உளுந்தூர்பேட்டை பட்டாலியன் பக்கத்தில் இருக்கிறதே என்று கணக்குப் போட்டால், திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாறு கிடைக்கும். புதுச்சேரி சின்ன ஊர், சிவப்புத் தொப்பியோடு வீட்டுச் சாப்பாடு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: கேரளாவை ஒட்டிய மாஹேயும் ஆந்திராவை ஒட்டிய ஏனாமும் அதே காவல்துறைதான்.

எல்லைக் கிராமத்துக்காரர்களுக்கு இவ்வளவு யோசனைக்கே இடமிருக்காது. புதுச்சேரிக்கு அங்கே பிறந்த அல்லது குடியிருக்கும் சான்று வேண்டும். மாமா வீட்டு முகவரி செல்லாது. புதுச்சேரிக்காரர் தமிழ்நாட்டுக்குப் போட்டால் பொதுப் பிரிவுதான், எனவே வயது 26-க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு இங்கே கிடைக்கும் 28 அவருக்குக் கிடையாது. 22, 23 வயதில் இருக்கும் கடலூர்ப் பையனுக்கு என் யோசனை: தமிழ்நாட்டைப் பிரதானமாக வைத்துக்கொண்டு, மத்திய ஆயுதப்படைக்கான எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வையும் சேர்த்து எழுது. 2024 முதல் அது தமிழிலும் நடக்கிறது. ஆனால் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும், அங்கே பொதுப் பிரிவுக்கு வயதும் 23-தான்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது, கடைசியில் வரும் போலீஸ் விசாரணை. ஊர்த் திருவிழாத் தகராறில் பெயர் சேர்ந்த வழக்கு முடிந்துபோயிருந்தாலும் படிவத்தில் மறைக்காதீர்கள். விசாரிக்க வருவது உள்ளூர் ஸ்டேஷன், பதிவேடு இருப்பதும் அங்கேதான்.