ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து படிப்பது: சுருக்கமா, முதல் வரியா, அட்டவணையா?

ஆய்வுக் கட்டுரை படிப்பவர்களிடம் மூன்று பழக்கங்களைப் பார்க்கலாம். சிலர் சுருக்கத்தையும் முடிவுரையையும் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். சிலர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் போவார்கள். இன்னும் சிலர் ஆய்வு முறையையும் அட்டவணைகளையும் பார்த்த பிறகுதான் ஆசிரியர்களின் விளக்கத்துக்கு வருவார்கள். என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான்.

வேகத்தில் முதல் வழியை மிஞ்ச முடியாது. குவிந்து கிடக்கும் கட்டுரைகளில் எதைப் படிக்கலாம் என்று சலித்தெடுக்க அது போதும். எதை நம்பலாம் என்று முடிவு செய்யப் போதாது. 2010-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, முதன்மை அளவீட்டில் (பலன் உண்டா என்று தீர்மானிக்க முன்பே தேர்ந்தெடுத்த முக்கிய அளவு) புள்ளியியல்படி பலன் நிரூபணமாகாத 72 மருத்துவப் பரிசோதனைக் கட்டுரைகளை அலசியது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, சுருக்கத்தின் முடிவு வரிகளில் சிகிச்சைக்குச் சாதகமாகப் பூசி மெழுகியிருந்தன.

வரிசையாகப் படிப்பது துறைக்குப் புதியவருக்கு நல்லது, பின்னணி புரியும். ஆனால் ஆசிரியர்களின் வாதம் மனதில் பதிந்த பிறகு எண்களைப் பார்த்தால், எல்லாம் அதற்குச் சாட்சி சொல்வதாகவே தோன்றும்.

அட்டவணையில் தொடங்கினால் என்ன கிடைக்கும்? ஒரு கற்பனைக் கணக்கு: சுருக்கத்தில் ‘அபாயம் 50 சதவீதம் குறைந்தது’ என்று இருக்கிறது. அட்டவணையில், மருந்து எடுத்த 1,000 பேரில் 2 பேருக்குப் பாதிப்பு. எடுக்காத 1,000 பேரில் 4 பேருக்கு. கணக்கு சரிதான். ஆனால் இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடும்.

ஆய்வு முறையும் அப்படித்தான் பேசும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது. ஒப்பிட வேறு குழுவே கிடையாது. 2010-இல்தான் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. உள்ளே நடந்த முறைகேடு வாசகருக்குத் தெரிந்திருக்காது, சரி. ஆனால் 12 பேர் என்பதும் ஒப்பீடு இல்லை என்பதும் முதல் நாளே அச்சில் இருந்தன.

இந்த வழியில் நேரம் கூடுதலாகப் பிடிக்கும், கொஞ்சம் புள்ளியியலும் தெரிய வேண்டும். புள்ளியியல் தடுமாறினால், யாரோடு ஒப்பிட்டார்கள், குலுக்கல் முறையில் பிரித்தார்களா, பாதியில் விலகியவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்பதை மட்டுமாவது தேடுங்கள். மருந்துப் பரிசோதனை என்றால், அப்புறம் அதன் பதிவு எண்ணைப் பிடித்து, பரிசோதனைகளின் திட்டத்தைப் பதிந்து வைக்கும் பொதுப் பதிவேட்டுக்கே போய், தொடங்கும்போது சொன்ன முதன்மை அளவீடும் கட்டுரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.